எழுபதில் இருபது நிமிஷம்

அந்த விளக்கு முதன்முதலில் எரிந்தபோது நாங்கள் பேரளிக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், ஆரஞ்சு நிறத்தில், ஒரு பெட்டிக்குள் மிளகை அள்ளிப் போட்டதுபோல ஒரு படம். பக்கத்து சீட்டில் அப்பா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"தெரியலப்பா. ஏதோ ஃபில்டர்னு நினைக்கிறேன்."

"வண்டி ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்ப ஓட்டு."

28 வருஷம் லாரி ஓட்டியவர். அவர் காலத்து டேஷ்போர்டில் அவர் மதித்தது மூன்றே மூன்று முள்ளுதான்: ஆயில், ஹீட்டு, காத்து. மற்றதெல்லாம் முதலாளிக்கு. எனவே அந்த மிளகுப் பெட்டியை நாங்கள் இருவரும் மூன்று வாரம் மதிக்கவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். எங்கள் பக்கம் வெங்காயக் கமிஷன் மண்டியிலிருந்து கல்யாண மண்டபம் வரை எங்கே போனாலும் வாசலில் நாலு நிற்கும், அந்த வண்டிதான். ஏழு பேர் உட்காரலாம். டீசல். 2020 டிசம்பரில் தயாரானது, 2022இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். எனக்கு ஒரு சின்ன கார் போதும் என்றுதான் தோன்றியது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் பிளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து கடைக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "லாரியில உக்காந்தவன் காருல உக்காந்தா ரோட்டுலயே உக்காந்த மாதிரி இருக்குடா" என்றார். பணத்தில் பாதி அவருடையது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

வாங்கிய மாதமே வண்டிக்குக் கொம்பு வைத்தார். கொம்பு என்பது அவர் வைத்த பெயர். கடைக்காரர்கள் புல் பார் என்பார்கள், சிலர் கிராஷ் கார்டு என்பார்கள். முன்பக்கம் பம்பருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இரும்புக் குழாய். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, இதை மாட்டுகிறவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருந்தது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவருக்கு ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்ததே நான்தான். இருந்தாலும் 14,000 ரூபாய் கொடுத்து மாட்டினோம். கொம்பு வைத்த அன்று சாயங்காலம் அப்பா வண்டியை மூன்று தடவை சுற்றிவந்து பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

மூன்று வாரம் கழித்து மிளகுப் பெட்டி சிமிட்ட ஆரம்பித்தது. இன்னொரு நாள் அதனோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொண்டது. வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது கியரில் மேட்டில் ஏறும்போது வயசான மாடு மாதிரி தலையைத் தொங்கப்போட்டது.

திருச்சியில் உள்ள பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். ஏ.சி. அறை, காப்பி மெஷின், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நம் வண்டி. ஆஸ்பத்திரியில் உள்ளே யாரையோ படுக்கவைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. சர்வீஸ் அட்வைசர் பையனுக்கு 25 வயது இருக்கும். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தான். "டி.பி.எஃப். சோக் ஆயிருக்கு சார்."

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"புகை ஃபில்டர் அடைச்சிருக்கு சார்."

"எதனால அடைக்குது?"

"யூசேஜ் சார். நார்மல்தான்."

இந்த 'நார்மல் சார்' என்கிற இரண்டு வார்த்தைக்கு எஸ்.யு.வி. வைத்திருக்கிற எல்லோரும் பழகியிருப்பார்கள். பிரேக்கில் சத்தம் வந்தால் நார்மல் சார். கதவில் தண்ணீர் இறங்கினால் மழைக்காலத்தில் நார்மல் சார். எதற்கெடுத்தாலும் நார்மல் என்றால் நான் ஏன் அறுபது கிலோமீட்டர் வந்திருக்கிறேன்? அன்றைக்கு ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, நாங்கள் கேட்காத ஏ.சி. கிருமிநீக்கம் ஒன்றையும் ஜாப் கார்டில் ஏற்றி, 11,000 ரூபாய்க்கு பில் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் விளக்கு மறுபடியும் எரிந்தது.

இந்த முறை அப்பா முந்திக்கொண்டார். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவினார். துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நின்றது. மூக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"டீசல் எறங்குதுடா."

ஆயில் குறைந்தால் பயப்படுவோம், கூடினால் யார் பயப்படுவார்கள்? நான் போட்டோ எடுத்து அட்வைசருக்கு அனுப்பினேன். வெளியில் யாரோ ஆயில் அதிகமாக ஊற்றியிருப்பார்கள் என்று பதில் வந்தது. அப்பா போனை வாங்கினார். "வெளிய எங்கயும் ஊத்தல தம்பி. நீங்க ஊத்துனதுதான் வளந்திருக்கு" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ஃபில்டரையே மாற்ற வேண்டியிருக்கும், உத்தேசமாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும், வாரன்டி முடிந்துவிட்டது என்று வரிசையாகச் செய்திகள்.

எங்கள் வண்டியின் நோயைப் புரியவைத்தது அந்தக் கண்ணாடி அறை இல்லை. நாலு ரோட்டுக்குப் பக்கம், தகரக் கொட்டகையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். பழைய லேப்டாப், அதில் ஒரு ஸ்கேனர். கொட்டகைக்கு வெளியே போர்டு இல்லை (போர்டு அடித்துத் தருகிறேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன், வேண்டாம் என்கிறார்). அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் வண்டிகளெல்லாம் பி.எஸ். 6 தரத்துக்கு வந்தாக வேண்டும் என்று ஆனது. டீசல் கார்களில் புகைக்குழாய் வழியில் ஒரு ஃபில்டர் வந்தது. தேன்கூடு மாதிரி துளைத்துளையான பீங்கான். டீசல் எரிந்து வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டே இருந்தால் நிரம்பிவிடும் அல்லவா? அதனால் அவ்வப்போது வண்டி தானே அதை எரித்துக்கொள்ளும். அதற்கு ஃபில்டருக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். அது புகைவழியில் போய் எரிந்து கரியையும் எரித்துவிடும். வண்டி ஒரே சீராக, 60, 70 வேகத்தில், பதினைந்து இருபது நிமிஷம் ஓடினால் காரியம் முடிந்தது. நமக்கு நடந்ததே தெரியாது.

பாதியில் நிறுத்தினால்தான் வம்பு. நான் வீட்டிலிருந்து கிளம்புவேன். வண்டி சூடாகும். எரிக்க ஆரம்பிக்கும். கடை வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவேன். எரியாத டீசல் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். சாயங்காலம் மறுபடி அதே கதை. ஆயில் வளர்ந்தது இப்படித்தான். அப்பாவின் மூக்கு பொய் சொல்லவில்லை.

"ஒங்க ரோட்டுல வேற எப்பிடிண்ணே இது எரியும்?" என்றார் மெக்கானிக். "அரியலூர் ரோட்டுல எழுவதுல போக முடியுமா? முன்னாடி ஒரு சிமென்ட் லாரி, பின்னாடி ஒரு சிமென்ட் லாரி."

அது உண்மை. அரியலூருக்கு அடியில் கிடப்பது ஒரு பழைய கடல். டைனோசர்கள் திரிந்த கிரிட்டேஷியஸ் காலத்துக் கடல். 1862இலேயே பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் இந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். வாரணவாசியில் இப்போது அருங்காட்சியகமே இருக்கிறது. அந்தக் கடலின் சிப்பிகள்தான் சுண்ணாம்புக்கல். 1979இல் அரசு சிமென்ட் ஆலை அரியலூரில் வந்தது. பின்னால் தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பா கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் கல் ஏற்றிய காலத்தில் பின்சக்கரத்தின் இரட்டை டயருக்கு நடுவில் சிப்பி சிக்கிக்கொண்டு வருமாம். உள்ளங்கை அளவில், கல்லாகிப்போன சிப்பி. ஒன்றைக் கழுவி டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அது இப்போது எங்கள் வண்டியில் இருக்கிறது.

ஆக, கடல் கல்லாகி, கல் லாரியில் ஏறி, லாரி எனக்கு முன்னால் இருபதில் போகிறது. தூசி ஏர் ஃபில்டரை அடைக்கிறது. வேகம் இல்லாததால் கரி புகை ஃபில்டரை அடைக்கிறது. ஒரே ரோடு, முன்னாலும் பின்னாலும் அடைப்பு. தூசி அதிகமுள்ள இடங்களில் ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றச் சொல்லி வண்டியோடு வந்த புத்தகத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் பிரிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம், கம்ப்ரசரில் காற்றடித்து மறுபடி மாட்டுவது. தாள் கிழிந்து தூசி உள்ளே போனால், இன்ஜின் கரியை இன்னும் அதிகமாகத் துப்பும்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் மெக்கானிக் அண்ணன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "கட் பண்ணிடலாம். குடத்தைப் பொளந்து உள்ள இருக்கறத எடுத்துட்டு, திரும்ப வெல்டு வச்சிரலாம். லேப்டாப்புல கேக்காம பண்ணிரலாம். பதினெட்டாயிரம். வெளக்கு ஜென்மத்துக்கும் எரியாது. ஆனா நான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

உங்களிடம் உண்மையைச் சொல்வதற்கென்ன, எனக்கு உடனே சரி என்று பட்டது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எங்கே, பதினெட்டாயிரம் எங்கே. சட்டவிரோதம்தான். ஆனால் கொம்பு வைத்திருக்கிற வண்டிக்கு இன்னொரு சட்டவிரோதம் பாரமா என்ன? அப்பாவும் தலையாட்டினார். "இந்த ஊருல இவ்ளோ லாரி விடற பொகையில நம்ம வண்டி விடறதுதான் தெரியப்போவுதா?" வருகிற திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு.

நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது. அன்று அப்பாவை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஒரு வருஷமாக மாடிப்படி ஏறினால் இளைப்பு. ராத்திரியில் இருமல். ஒரு குழாயை வாயில் வைத்து முழு மூச்சையும் ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இன்னும்" என்று அந்தப் பெண் பக்கத்தில் நின்று கபடிக்குக் கத்துவதுபோலக் கத்தினாள். ஏர் ஹார்னை ஒரு மைல் தூரம் அடித்த மனுஷனால் ஆறு நொடி ஊத முடியவில்லை. டாக்டர் கம்ப்யூட்டரில் வந்த கோட்டைக் காட்டினார். மூச்சுக்குழாய்கள் சுருங்கி அடைத்திருக்கின்றன, இது முழுசாகத் திரும்பாது, மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பீடி குடித்தீர்களா என்று கேட்டார். 2009 வரை குடித்தார். என்ன வேலை என்று கேட்டார். லாரி என்றார் அப்பா. டாக்டர் எழுதிக்கொண்டார். எது எவ்வளவு காரணம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் அதே அடைப்புதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது மெக்கானிக் அண்ணன் வேறொரு வண்டியில் அந்த வேலையை முடித்திருந்தார். பிளந்த குடம் தரையில் கிடந்தது. உடைத்தெடுத்த பீங்கானை ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டிருந்தார். கன்னங்கரேல் என்று மை போலக் கரி. அப்பா குனிந்து விரலால் தொட்டார். கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார். வேட்டியில் துடைக்கவில்லை, சுவரில் துடைத்தார், போகவில்லை.

"இது எத்தினி நாளு கரி?"

"அது சொல்ல முடியாதுங்கய்யா. எரிஞ்சது போவ மிச்சம்."

"இது இல்லன்னா இதெல்லாம் எங்க போயிருக்கும்?"

மெக்கானிக் சிரித்தார். "எங்க போவும், ரோட்டுக்குத்தான்."

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். வேலை முடிந்த வண்டியை ஒரு பையன் ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பழைய லாரி மாதிரியே கறுப்பாகக் கக்கியது. எனக்கு நன்றாகப் பழகிய வாசனை. சின்ன வயதில் அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டையில் அதுதான் இருக்கும். அப்பா விலகிப் போய்த் தெருவில் நின்றுகொண்டார். நான் போனபோது சொன்னார்: "வேணாம்டா. கம்பெனி வச்சத கழட்டக் கூடாது."

"அப்ப கொம்பு?"

"அது மாட்டுனது. இது கழட்டுறது."

இந்தத் தர்க்கத்தை உடைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அவர் இருமிக்கொண்டிருந்தார். அதோடு எனக்கும், வேண்டாம் என்று யாராவது சொன்னால் தேவலை என்று சனிக்கிழமையிலிருந்தே இருந்தது. அதை நானாகச் சொல்லியிருப்பேனா என்றால், மாட்டேன். பதினெட்டாயிரம் சட்டைப் பையில் இருந்தது.

மெக்கானிக் அண்ணனுக்குக் கோபம் எல்லாம் இல்லை. ஸ்கேனரைச் சொருகிக் கட்டாயமாக எரிக்கவைத்துப் பார்க்கலாம் என்றார். வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, பக்கத்தில் கிடந்த மக்காச்சோளத் தட்டையை எல்லாம் அப்புறப்படுத்தினார். அடியில் அந்தச் சூடு பட்டால் பற்றிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே இன்ஜின் தானாக உறுமி, அரைமணி நேரம் அப்படியே நின்றது. பிறகு ஆயிலை மாற்றினார். இந்த ஃபில்டர் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டுமாம். கரி எரிந்துபோகும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, தங்கிவிடும். மொத்தம் 6,800 ரூபாய். "வாரத்துக்கு ஒரு நா ஹைவேயில வுட்டு அடிங்க. இல்லன்னா மறுபடியும் எங்கிட்டதான் வருவீங்க" என்றார்.

கொம்பு போன கதை சின்னது. ஆறு மாதம் கழித்து, ஒரு டிப்பர் திடீரென்று பிரேக் போட, பின்னால் போய் மெதுவாக முட்டினேன். கொம்பில் கீறல்தான். பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு ஒரே பெருமை. பாடி ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப் பார்த்தால், கொம்பை மாட்டியிருந்த இடத்தில் சேஸிஸ் நுனி வளைந்திருந்தது. நசுங்க வேண்டிய பம்பர் நசுங்காமல், அடி நேராக எலும்புக்குப் போயிருக்கிறது. வேகமாக மோதியிருந்தால் ஏர்பேக் சென்சாருக்கும் சரியான நேரத்தில் தெரிந்திருக்காது என்றார்கள். இன்சூரன்ஸ்காரர் கொம்பைப் பார்த்ததும் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டார். கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது அது சின்ன வெங்காயப் பட்டறைக்கு ஒரு பக்கம் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்குத் திருப்தி.

ஹைவே விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை என்று முடிவானது, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பதால். வீட்டிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து திருச்சி ரோட்டில் ஏறினால் சிறுவாச்சூர். ஆனால் கோயிலில் உடனே நிற்கக் கூடாது. நேராகப் பாடாலூர் வரை போய்த் திரும்பி வந்து கோயில். சமயபுரம் டோலுக்கு முன்னாலேயே திரும்பிவிடுவதால் செலவு டீசல் மட்டும். நாலாவது கியர், 70. முந்துவதும் இல்லை, மிதிப்பதும் இல்லை. அம்மா பின்சீட்டில் தூங்கிவிடுவாள். எனக்கும் அப்பாவுக்கும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கடையில் இருந்தால் போன், வீட்டில் இருந்தால் டி.வி. இங்கே வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படித்தான் அவர் பேச ஆரம்பித்தார். எந்த ஓட்டலில் முழிச்சிருந்தார், எந்தப் பாலத்தில் தூங்கிவிட்டார், நான் பிறந்த அன்று லோடோடு எங்கே நின்றார் என்பதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. பேச்சுக்கு நடுவில் இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை அழுத்திக்கொள்வார். முதலில் எனக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிச் செய்வார். இப்போது திரும்புவதில்லை.

ஃபில்டர் எரிந்துகொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் எந்த விளக்கும் வராது. எரிந்து முடிந்ததா என்று தெரியாமல் நான் ஆரம்பத்தில் தடுமாறினேன். அப்பா இரண்டாவது மாதமே கண்டுபிடித்துவிட்டார். எரிகிற நேரத்தில் ஐட்லிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இன்ஜின் சத்தத்தில் அடியில் ஒரு கனம். எனக்கு முள்ளைப் பார்த்தால்தான் தெரியும், அவருக்குக் காதிலேயே.

போன வெள்ளிக்கிழமை பாடாலூரில் டீக்கடை வாசலில் ஒதுக்கினேன். அம்மாவுக்கு டீ வேண்டும். சாவியில் கை வைத்தேன்.

"அணைக்காத" என்றார் அப்பா. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் எரியுது. போ."

"டீ?" என்றாள் அம்மா.

"குடிக்கலாம் குடிக்கலாம். அவன் போவட்டும்."

மறுபடி ரோட்டில் ஏறினேன். வெயில் தாழ்ந்து, வலது பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. அப்பா எதுவும் பேசவில்லை, கேட்டுக்கொண்டே வந்தார். நான் யூ டர்ன்களை ஒவ்வொன்றாகத் தவறவிட்டேன். அன்றைக்கு டோல் கட்டினோம்.